பஞ்சில் தெரிந்த சாம்பல் நிறம்

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். எந்தக் கீறலை எடுப்பது கஷ்டம்? ஆழமானதா, நீளமானதா, வெள்ளைக் காரில் விழுந்ததா, கறுப்புக் காரில் விழுந்ததா? பொலிஷ் மெஷினின் வேகமும் தேய்க்கிற பசையான கொம்பவுண்டின் பெயரும் உங்களுக்கு வேண்டும். அதெல்லாம் போத்தலின் பின்பக்கத்திலேயே எழுதியிருக்கிறது, போய் வாசியுங்கள். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்தவனைக் கூப்பிட்டு பிளேன்டீயும் கொடுத்து உட்கார வைத்துவிட்டீர்கள். ஆகவே நான் எனக்குத் தெரிந்ததைத்தான் பேசுவேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது பயம்.

ஒரு கார் கடைக்குள் நுழையும்போது ஓட்டி வருகிறவரின் முகத்தை முதலில் பாருங்கள். கீறலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மெல்லிய கீறலாகத்தான் இருக்கும், நகத்தால் தடவினால் நகம் மாட்டாது. ஆனால் ஆளுக்கு வேர்த்துக் கொட்டும். அந்தப் பயம் மெல்ல உங்கள் கைக்கு வந்துவிட்டால், அன்றைக்கு மெஷினைத் தொடாமல் இருப்பதே நல்லது. எனக்கு ஒரு முறை வந்தது. அந்தப் பின்னேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

கதைக்குப் போவதற்கு முன் ஒரு விஷயம். காரின் நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது, கிளியர் என்கிறோம். மெல்லிய கீறல்கள் அதில்தான் விழுகின்றன. நாங்கள் கீறலை அழிக்கிறோம் என்று சனங்கள் நினைக்கிறார்கள். உண்மையில் நாங்கள் சீவி எடுப்பது கீறலைச் சுற்றியிருக்கும் நல்ல கிளியரை. கீறலின் அடிமட்டத்துக்கு அது இறங்கியதும் கீறல் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அதனால் பளபளவென்று வெளியே போகிற ஒவ்வொரு காரும் கொஞ்சம் மெலிந்துதான் போகிறது. கிளியர் தீர்ந்துவிட்டால் அந்த இடம் செத்த மாதிரி மங்கிப் போகும். பிறகு, அது எஞ்சினை மூடும் பொனட் என்றால், முழு பொனட்டுக்கும் பெயின்ட் அடிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

வாகன இறக்குமதி நின்றிருந்த வருடங்கள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ஓடுகிற தகரம் எல்லாம் தங்க விலைக்குப் போன காலம். ‘ஒரிஜினல் பெயின்ட்’ என்று சொல்லும்போதே ஆட்கள் நெஞ்சை நிமிர்த்துவார்கள். பொனட்டுக்குத் திரும்பப் பெயின்ட் அடித்த கார் என்றால் வாங்க வந்தவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுவான். அப்போது எங்கள் வேலைத்தலம் வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்தது. நான் கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ்ஸில் வந்து போவேன்.

முதலில் வந்தவர் ஓர் அம்மா. பக்கத்து ஒழுங்கையில் ஃபிளாட்டில் இருக்கும் குடும்பம். டிரைவர் இருந்தும் அவரே ஓட்டி வந்திருந்தார். கறுப்புக் கார், பார்க்கவே ஆசையாக இருந்தது. வெள்ளிக்கிழமை கோயிலால் வந்து செருப்பை மாட்டுவதற்காக அர்ச்சனைத் தட்டை பொனட்டில் வைத்திருக்கிறார். தட்டு வழுக்கி ஒரு வளைந்த கோடு போட்டிருந்தது.

“அண்ணை, இதை இண்டைக்கே எடுத்துத் தாங்கோ. இவருக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டுபடும்” என்றார். “முந்தின டிரைவரை நுகேகொடையில நடு றோட்டில இறக்கி விட்டவர். ஒரு சின்ன உரசல்தான். உடுப்புப் பையோட நிண்டான், பாவம். நான் பின் சீற்றில இருந்தனான். பயத்தில வாயே திறக்கேல்லை.”

“உங்களையும் இறக்கி விடுவாரா அக்கா?” என்று பகிடியாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, என்ன?”

“ஓம் அக்கா, சொல்ல மாட்டன்” என்றேன். எங்கள் தொழிலில் இப்படிக் கேட்காத ஆள் குறைவு. வைத்தியரிடம் சொல்லாததையும் எங்களிடம் சொல்லுவார்கள். கீறல் போய்விட்டது, அம்மாவும் சந்தோஷமாகப் போனார்.

சில வாரம் கழித்து அதே கார் வந்தது. இந்த முறை ஓட்டி வந்தது மகள், பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளை. தெஹிவளைக் கடற்கரையில் சிநேகிதிகளோடு படம் எடுக்கும்போது பொனட்டில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். ஜீன்ஸில் இருந்த பித்தளைப் பொத்தான்கள் வேலையைக் காட்டிவிட்டன.

“அங்கிள், அப்பாக்குத் தெரிஞ்சா நான் முடிஞ்சேன். அம்மாக்கும் சொல்லக் கூடாது. அம்மா பயத்தில அப்பாட்ட உளறிடுவா.”

அம்மா எவ்வளவு கெட்டித்தனமாக உளறாமல் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் சொல்ல முடியுமா? கொடுத்த வாக்கு அப்படியே நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. “பொனட்டில இனிக் கனக்கத் தேய்க்க ஏலாது பிள்ளை, கவனமா இருங்கோ” என்று மட்டும் சொன்னேன். முடிந்தவரை லேசாகச் செய்து கொடுத்தேன். எங்கள் வேலை எவ்வளவு நன்றாக அமைந்ததோ, அவ்வளவுக்கு அந்த வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாமல் இருந்தது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் டிரைவர் வந்தான்.

மலைநாட்டுப் பக்கத்துப் பையன், ஹட்டனுக்கு அந்தப் பக்கம். அவனை நான் முன்பு பார்த்ததில்லை. காரை நான் அடையாளம் கண்டுகொண்டேன், அவனுக்கு என்னைத் தெரியாது. இறங்கினதும் பொனட்டைக் காட்டினான், கை நடுங்கியது. பொனட்டின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு நெருக்கமான மெல்லிய கீறல்கள், வெயிலில் சிலந்தி வலை மாதிரி மின்னின.

“காக்கா எச்சம் போட்டிருச்சுண்ணே. வெயில்ல காஞ்சு ஒட்டிக்கிச்சு. ஐயா பாத்தாருன்னா கத்துவாரேன்னு சட்டி கழுவுற ஸ்பொஞ்ச எடுத்துத் தேச்சுப்புட்டேன்.”

“மெத்துப் பக்கமா, பச்சைப் பக்கமா?”

“பச்சைப் பக்கம்ணே.”

சிரிக்காதீர்கள். கொழும்புக் காகங்களுக்குக் கீழே கார் வைத்திருக்கிற எவனும் ஒரு நாள் இதைச் செய்வான். எச்சத்தின் மேல் ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் அது தானாக இளகி வரும். ஆனால் பயந்தவனுக்கு அந்தக் கொஞ்ச நேரம் கிடையாது. மற்றக் கீறல்களையும் கேட்டேன், ஏனென்றால் பொனட் முழுக்க வட்ட வட்டமாக வேறு கோடுகளும் தெரிந்தன. ஐயா காலையில் கீழே இறங்கும்போது கார் மேல் ஒரு தூசி இருக்கக் கூடாதாம். ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில் கார் கழுவ விடமாட்டார்களாம். ஆகவே அவன் தினமும் விடிய எழும்பிக் காய்ந்த துணியால் அழுத்தித் துடைக்கிறான். வெள்ளவத்தையில் கடற்காற்று இரவு முழுக்க உப்பையும் மணலையும் கொண்டுவந்து கார் மேல் போடுகிறது. அதைக் காய்ந்த துணியால் துடைப்பதும் சேண்ட் பேப்பர் போடுவதும் ஒன்றுதான். ஐயாவின் சத்தத்துக்குப் பயந்து அவன் ஒவ்வொரு காலையும் ஐயாவின் காரைக் கீறிக்கொண்டிருந்தான்.

“எடுத்துருவீங்கல்ல அண்ணே? ஐயா கொச்சிக்கடை ஆபீசுல இருக்காரு. கூப்பிட்ட ஒடனே போகணும்.”

மீற்றரை எடுத்து பொனட்டில் வைத்தேன். பெயின்ட்டின் தடிப்பைக் காட்டும் சின்னக் கருவி, சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். அது காட்டிய எண்ணை என்னால் நம்ப முடியவில்லை. தள்ளி வைத்துப் பார்த்தேன், மற்றப் பக்கம் வைத்துப் பார்த்தேன். கதவிலும் கூரையிலும் எண் சரியாக இருந்தது, பொனட்டில் மட்டும் பாதாளத்துக்குப் போயிருந்தது. அம்மாவுக்கு ஒரு முறை, மகளுக்கு ஒரு முறை, அதுவும் லேசாக. நான் எடுத்தது எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா? இவ்வளவு குறைய நியாயமே இல்லை.

குனிந்து பார்த்தேன். கண்ணாடிக்குத் தண்ணீர் பீச்சும் குமிழைச் சுற்றி வெள்ளையாகக் காய்ந்த கொம்பவுண்ட் ஒட்டியிருந்தது. நாங்கள் அந்த இடத்தை டேப் ஒட்டி மூடாமல் மெஷினைத் தொடுவதில்லை. வேறு யாரோ எங்கேயோ இந்த பொனட்டை மெஷினால் தேய்த்திருக்கிறார்கள். யாரிடம் கேட்பது? அந்த வீட்டில் நான் கேட்கக்கூடிய இருவருக்கும் வாயைத் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

எங்கள் கடையில் பெயின்ட் அடிக்கிற சிங்களக்காரர், நாங்கள் அய்யே, அதாவது அண்ணன் என்று கூப்பிடுகிறவர், கையைத் துடைத்துக்கொண்டு வந்து மீற்றரை எட்டிப் பார்த்தார். அவருக்கு அதிகம் பேச்சு வராது. “மல்லி, அத கஹன்ன எப்பா” என்றார். தம்பி, அதில் கை வைக்காதே என்று அர்த்தம். சொல்லிவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டார். அவருக்கு என்ன, சொல்லிவிட்டுப் போகலாம். டிரைவர் என் முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, இது கஷ்டம். கிளியர் முடியிற கட்டத்தில இருக்கு.”

“அப்பிடிச் சொல்லாதீங்கண்ணே. முந்தி இருந்தவர நடு ரோட்டுல எறக்கி விட்டாராம். எனக்குக் கீழ்த்தளத்துல ஒரு ரூம் குடுத்திருக்காங்க. போன மாசந்தான் பொஞ்சாதியையும் புள்ளையையும் கூட்டியாந்தேன். வேல போச்சுன்னா ரூமும் போச்சு. புள்ளயத் தூக்கிக்கிட்டு நான் எங்கண்ணே போவேன்?”

அவனுடைய பயம் எனக்குள் இறங்கியது அப்போதுதான். நான் தேய்க்காவிட்டால் ஒரு குடும்பம் இன்றைக்கே தெருவுக்கு வரலாம். தேய்த்துக் கிளியர் போய்விட்டால் நிச்சயமாக வரும், என் பெயரும் சேர்ந்து போகும். மீற்றர் மொத்தத் தடிப்பைத்தான் காட்டும். அதில் கிளியர் எவ்வளவு, நிறம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. ஆகவே இன்னும் கொஞ்சம் இருக்கலாம். இல்லாமலும் போகலாம்.

மெஷினை எடுக்கவில்லை. மெத்தென்ற புதுப் பஞ்சு ஒன்றை எடுத்தேன், வெள்ளை நிறம். மிக மெல்லிய கொம்பவுண்டைத் தொட்டு, கீறலின் ஒரு ஓரத்தில் கையாலேயே மெல்லத் தடவினேன். மூச்சை அடக்கிக்கொண்டு செய்தேன். கோடுகள் கொஞ்சம் மங்கின. “போகுதுண்ணே, போகுது!” என்று டிரைவர் கிட்டே வந்தான்.

பஞ்சைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் லேசாகச் சாம்பல் நிறம்.

இதை நீங்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கிளியரில் நிறம் கிடையாது. கிளியரைத் தேய்க்கும்வரை பஞ்சில் வெள்ளைதான் வரும். கார் என்ன நிறமோ அந்த நிறம் பஞ்சில் வந்தால், நீங்கள் கிளியரைத் தாண்டி உள்ளே போய்விட்டீர்கள். கறுப்புக் காரில் சாம்பல் நிறம் தெரிவது அதன் ஆரம்பமாக இருக்கலாம். அல்லது கழுவியும் போகாத ரோட்டுப் புகையாக இருக்கலாம். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன், வெளிச்சத்தில் பார்த்தேன், முகர்ந்துகூடப் பார்த்தேன். என்னால் சொல்ல முடியவில்லை.

“இன்னும் ஒரே ஒரு தடவ தேச்சீங்கன்னாப் போயிரும்ணே.”

அந்த நேரம் பார்த்து அவனுடைய ஃபோன் அடித்தது. ஐயா. “இந்தா வந்துக்கிட்டே இருக்கேன் ஐயா, காலி ரோட்டுல டிராபிக்” என்றான். குரல் உடைந்திருந்தது. ஃபோனை வைத்துவிட்டு என்னைக் கும்பிட்டான். ஒரு மனிதன் இப்படிக் கும்பிட்டுக்கொண்டு நிற்கும்போது, கையில் பஞ்சும் இருக்கும்போது, இன்னொரு தடவை தேய்ப்பதைத் தவிர மற்ற எல்லாம் கல்நெஞ்சு மாதிரித் தெரியும். என் கை பொனட்டுக்கு மேலே போய்விட்டது. உண்மையைச் சொன்னால், தொட்டும் விட்டது.

பிறகு எடுத்துவிட்டேன். பஞ்சைச் சட்டைப் பைக்குள் போட்டேன், மீற்றரையும் போட்டேன்.

“இது எடுபடாது தம்பி. வா, நானும் வாறன். ஐயாட்ட நான் சொல்லுறன்.”

அவன் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி ஒன்றும் இருக்கவில்லை. கழுத்தைப் பிடித்துக் கிணற்றில் தள்ளுகிறவனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தான்.

கொச்சிக்கடை வரைக்கும் அவன் ரோட்டில் இருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டினான். எனக்கு வீடு அந்தப் பக்கம்தானே, போகிற வழிதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை கிறிஸ்தவக் கோயிலில் விசேஷ நாள் என்றபடியால், அங்கே வந்த சனம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. மெழுகுதிரிப் பைகளும் பிள்ளைகளுமாகக் காரை உரசிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு பையும் பொனட்டில் படும்போது டிரைவர் கண்ணை மூடித் திறந்தான். போய் என்ன சொல்லப்போகிறேன் என்று அந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது.

ஐயா ஆபீஸ் வாசலில் நின்றார். துறைமுகத்தில் சாமான் எடுத்துக் கொடுக்கிற தொழில் அவருக்கு. நல்ல உயரம், நெற்றியில் திருநீறு, அயர்ன் கலையாத சட்டை. “என்னடா இவ்வளவு நேரம்?” என்று தொடங்கியவர் பொனட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

டிரைவர் எனக்குப் பின்னால் ஒதுங்கினான். நான்தான் பேசினேன்.

“சேர், நான் வெள்ளவத்தையில பொலிஷ் வேலை செய்யிறனான். தம்பி காக எச்சத்தைத் துடைக்கப் போய்க் கீறிட்டார். எடுக்கலாமெண்டுதான் என்னட்டக் கொண்டு வந்தவர். எடுக்க ஏலாது சேர். கிளியர் முடியப் போகுது.”

கத்துவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் கத்தவில்லை. குரலைத் தாழ்த்தி, “முடியப் போகுதெண்டா, எவ்வளவு கிடக்கு?” என்று கேட்டார்.

வாகனம் வைத்திருக்கிற எவரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். கிளியர் என்றால் என்ன என்றுதான் கேட்பார்கள். அவருடைய விரல் தண்ணீர் பீச்சும் குமிழுக்குப் பக்கத்தில் போய் அந்த வெள்ளைக் கறையைச் சுரண்டியது. பிறகு என் முழங்கையைப் பிடித்து மெழுகுதிரிக் கடைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

“நான் இங்கால ஒரு இடத்தில குடுத்துப் பொலிஷ் பண்ணுவிச்சனான்” என்றார். “ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயர்ஹவுஸில, பொனட்டில ஒரு பெட்டியை வச்சு இழுத்துப் போட்டன். வீட்டில தெரியாது. கார் என்ர இல்லை. மனிசியின்ர தமையன்ர. கனடாவில இருக்கிறார், அடுத்த மாதம் வாறார். ஒரிஜினல் பெயின்ட் எண்டு உயிரா இருக்கிற மனிசன். வந்து இறங்கினவுடனே பொனட்டைத்தான் தடவிப் பாப்பார்.”

அவ்வளவு உயரமான மனிதரின் கையும் நடுங்கியது. டிரைவர் பொனட்டைக் காட்டியபோது நடுங்கியதே, அதே நடுக்கம். பாவமாக இருந்தது. இரண்டு நிமிடம் முன்புவரை நான் பயந்துகொண்டிருந்த ஆள் இவர்தானா என்று நினைத்தேன். ஆனால் அடுத்து அவர் சொன்னதுதான் அந்த நாளிலேயே என்னை அதிகம் பயமுறுத்தியது.

“ஒண்டு செய்வம். எல்லாம் இவன் செய்ததெண்டு வீட்டில சொல்லுவம். இவனை இண்டைக்கே அனுப்பிப் போடுறன். நீங்களும் ஒரு வார்த்தை சொன்னியளெண்டாச் சரி, நம்புவினம்.”

கோபமே இல்லாமல் சொன்னார். கோபத்தில் சொல்லியிருந்தால் ஆறட்டும் என்று விட்டிருக்கலாம். டிரைவர் காருக்குப் பக்கத்தில் நின்று, சனங்களின் பைகள் படாமல் இரண்டு கையையும் விரித்து பொனட்டைக் காத்துக்கொண்டிருந்தான்.

“சேர்” என்றேன். “சட்டி கழுவுற ஸ்பொஞ்சால கிளியர் இவ்வளவு குறையாது. மெஷின்தான் குறைக்கும். உங்கட வீட்டுக்கு நான் வாறன். ஆனா மீற்றரோட வாறன். ஆராவது கேட்டா அது காட்டுறதைத்தான் சொல்லுவன்.”

அவர் பதில் சொல்வதற்கு முன்பே திரும்பி நடந்து, கூப்பிடாமலேயே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். துணிச்சல் என்று நினைக்காதீர்கள். நின்று கேட்டால் தலையாட்டிவிடுவேனோ என்ற பயம்.

ஐயா பின் சீட்டில் ஏறினார். வழியெல்லாம் நான் காற்றைப் பார்த்துப் பேசிக்கொண்டு வந்தேன். கடல் உப்பைப் பற்றி, காய்ந்த துணியைப் பற்றி, முதலில் தண்ணீரை ஊற்றி மண்ணைப் போகவிட வேண்டும், பிறகுதான் துணி தொட வேண்டும் என்றெல்லாம். பயத்தில் எனக்கு வேலையைப் பற்றித்தான் பேச வரும்.

வெள்ளவத்தையில் ஃபிளாட்டின் கீழ்த்தளத்துக்கு இறங்கியதும் ஐயா ஃபோனை எடுத்தார். “ரெண்டு பேரும் ஒருக்காக் கீழ வாங்கோ.” டிரைவரின் அறை வாசல் பக்கத்துத் தூண் ஒன்றுக்குப் பின்னால்தான் இருந்தது. கொடியில் குழந்தைத் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவன் கார்ச் சாவியைக் கையில் எடுத்து, கொடுக்கத் தயாராக நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நான் என்ன செய்வேன் என்று எனக்கே நிச்சயமில்லை. மீற்றரை பொனட்டில் வைத்தால் நான் கொடுத்த வாக்கெல்லாம் போகும். வைக்காவிட்டால் அந்தக் கொடியில் இருந்த துணிகள் போகும். அதற்குமேல் யோசிக்க நேரம் இருக்கவில்லை. லிஃப்ட் திறந்தது. அம்மாவும் மகளும் வெளியே வந்தார்கள். காருக்குப் பக்கத்தில் மீற்றரைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைக் கண்டதும் அம்மாவின் முகத்தில் இரத்தமே இல்லை.

“அண்ணை, சொல்ல மாட்டனெண்டு சொன்னீங்களே!”

பின்னால் மகள், “அங்கிள், நீங்களா இப்படி?” என்றாள்.

அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார். மகள் அம்மாவைப் பார்த்தாள். ஐயா இருவரையும் பார்த்தார். நான் வாயே திறக்கவில்லை, சத்தியமாகத் திறக்கவில்லை.

“தட்டை வச்சுக் கீறினது நான்தான்” என்று அம்மா அழத் தொடங்கினார். “வெள்ளிக்கிழமை. நீங்கள் கத்துவியளெண்டுதான் சொல்லேல்லை.”

“நான் பீச்சில பொனட்டுக்கு மேல ஏறி இருந்தேன் அப்பா. ஃபோட்டோ எடுக்க.” மகள் அழவில்லை. ஆனால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது எல்லாரும் ஐயாவைப் பார்த்தார்கள். அவர் என் கையில் இருந்த மீற்றரைப் பார்த்தார். அவருடைய பெட்டிக் கதை என்னிடம்தான் இருந்தது. சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நெற்றி வேர்த்துத் திருநீறு கரைந்தது. பயந்தவர்கள் கத்துவார்கள், இல்லாவிட்டால் இன்னொருவன் தலையில் போடுவார்கள். அவர் எந்தப் பக்கம் விழுவார் என்று தெரியாமல் நாங்கள் நால்வரும் நின்ற அந்த நேரம் மிக நீளமாக இருந்தது.

டிரைவர் சாவியை இன்னும் கொஞ்சம் நீட்டினான்.

ஐயா சாவியை வாங்கவில்லை. அவனுடைய முகத்தைப் பார்க்காமல், பொனட்டைப் பார்த்துச் சொன்னார். “நாளைக்குக் காலமை காஞ்ச துணியால துடைக்காத. மேல இருந்து வாளியில தண்ணி கொண்டு வந்து ஊத்து. பிறகு துடை. ஆராவது கேட்டா நான் சொன்னதெண்டு சொல்லு.”

டிரைவர் நீட்டிய சாவியை மெல்லக் கீழே இறக்கினான்.

“நாளைக்குங்களா ஐயா?”

“ஓம். நாளைக்கு.”

அவ்வளவுதான். ஐயா லிஃப்டுக்குப் போய்விட்டார். அம்மாவும் மகளும் போனார்கள், ஒருவரும் என்னிடம் விடைபெறவில்லை. நான் அவர்களுக்கு வாக்கு மீறியவன் தானே. டிரைவர் மட்டும் தூணுக்குப் பின்னால் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்குக் காட்டினான். பிறகு நான் காலி வீதிக்கு ஏறிப்போய் பஸ் பிடித்தேன்.

கனடாக்காரர் வந்து பொனட்டைத் தடவினாரா, என்ன சொன்னார், ஐயா என்ன பதில் சொன்னார், எனக்குத் தெரியாது. அந்தக் காரைப் பிறகும் கடற்கரை ரோட்டில் பலமுறை கண்டிருக்கிறேன். அதே டிரைவர், அதே கீறல். வெயில் பட்டால் தூரத்திலேயே தெரியும். பின் சீட்டில் ஐயா பேப்பர் வாசித்துக்கொண்டு போவார்.

அன்றைக்கு பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கச் சட்டைப் பையில் கையை விட்டபோது பஞ்சு அகப்பட்டது. யன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்தச் சாம்பல் நிறம் அழுக்கா, காரின் கறுப்பா? இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது, இன்னொரு தடவை தேய்த்துப் பார்ப்பது.